பின்னால் வராத ஆள்

லாட்ஜ் மேனேஜர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். விடிந்தும் விடியாத நேரம். திண்டுக்கல்லிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து பெருங்களத்தூரில் இறங்கி, ஆளுக்கொரு பையோடு சித்தியும் நானும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றிருந்தோம். ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு யாரோ பின்னால் வருவார் என்று அவர் காத்திருந்தார். யாரும் வராமல் போகவே, "சார் எங்க?" என்றார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவோடு ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் தலைமை அலுவலக வேலைக்கு என்னை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அப்பாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகைத் தோட்டம். முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் அவரைச் செடியிலிருந்து பிரிக்க முடியாது. "நான் வாரேன்" என்று சித்தி கிளம்பிவிட்டாள். தங்கும் இடம் பார்க்கும் பொறுப்பும் அவளுடையது. நுங்கம்பாக்கத்து அறை வாடகையைக் கேட்டதும் சிரித்தாள். "ரூம்ல குடியா இருக்கப் போறோம்? குளிச்சு, சீலை மாத்திட்டுக் கெளம்பப் போறோம். அதுக்கு எதுக்கு அம்புட்டு?" தென்மாவட்டத்துப் பேருந்து எப்படியும் பெருங்களத்தூர் வழியாகத்தான் போகும். அங்கேயே இறங்கிக் குளித்துவிட்டு மின்சார ரயில் ஏறினால் நேராக நுங்கம்பாக்கம். அவள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் உப்பா, கொசு உண்டா, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று அந்த லாட்ஜை சித்தப்பாவின் போனிலிருந்து அழைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். யார் பெயரில் பதிவு என்று கேட்டபோது சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள். கேஸ், கரண்டு பில் எல்லாம் அவர் பெயரில் இருக்கிற பழக்கம். பெண்களுக்கு அறை கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"அவரு ஊர்ல இருக்காரு. நாங்க ரெண்டு பேருதான்" என்றாள் சித்தி. "லேடீஸ் மட்டும்னா ரூம் தர்றதில்லம்மா. ஓனர் சொல்லியிருக்காரு." சித்தி எங்கள் ஆதார் அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வாசலில் தடுமாறி உள்ளே வந்தார். ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை. மேனேஜர் எழுந்து ஓடி, அவரைக் கைத்தாங்கலாக லிஃப்டில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இவருகூட யாரு வந்திருக்கா?" என்று சித்தி கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். வேறு இடம் தேடவும் எங்களுக்கு நேரமில்லை. சித்தி நகரவும் இல்லை. கடைசியில் மேனேஜரே பதிவு செய்த எண்ணுக்குப் போன் போட்டார். தூக்கக் கலக்கத்தில் சித்தப்பா பேசியது எங்களுக்கும் கேட்டது. "ஆமாங்க, எம் பொண்டாட்டிதான். கூட வந்திருக்கது அவ அக்கா மக. குடுங்க." உடனே சாவி வந்தது. சாரி சொன்னாரே, அதுவும் சித்தப்பாவிடம்தான். முகம் தெரிய அச்சடித்த அட்டையோடு நேரில் நிற்கிற இரண்டு பெண்களை நம்பாதவர், கண்ணால் காணாத ஓர் ஆண்குரலை நம்பினார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறும்போது சித்திக்கு மூச்சு வாங்கியது. "போன்ல பேசினது டீக்கடைக்காரரா இருந்தாலும் இவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். கணக்கியலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர், வேலை கிடைத்தால் எங்கே தங்குவாய் என்றார். ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். "தனியாவா? வீட்ல ஒத்துக்கிட்டாங்களா? அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?" அந்நேரத்தில் அப்பா பூ மார்க்கெட்டில் இருப்பார், போன் அடிப்பது காதில் விழாது. கீழே காத்திருந்த சித்தியின் எண்ணைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார்கள். சித்தியின் குரலைக் கேட்டதும் அவர், "சார் இல்லையாம்மா?" என்றார். "காலையில இருந்து எல்லாரும் இதையே கேக்குறீக. வேலை பாக்கப் போறது அவ. எதுத்தாப்புலதான உக்காந்திருக்கா, அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

வேலை கிடைத்தது, திண்டுக்கல் கிளையில். தலைமை அலுவலக வேலை இல்லை, கவுண்டர் வேலை. "உங்க பாதுகாப்பை யோசிச்சுத்தான்" என்று போனில் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். என் பாதுகாப்பை யோசிக்கச் சொல்லி நான் யாரிடமும் மனுப் போடவில்லை. சித்தியின் வாய்தான் காரியத்தைக் கெடுத்தது என்று அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஊரிலேயே வேலை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சித்தி மட்டும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். "பாதுகாப்புன்னு சொல்லிக் குடுக்குற எதுலயும் சம்பளம் மட்டும் கொறஞ்சே இருக்கே, அது ஏன்?" என்றாள். கையில் வேறு வேலை இல்லாததால் நான் சேர்ந்தேன். சித்தி பேசியது தப்பென்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நேர்காணலன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் வேடசந்தூர்ப் பையன். உள்ளே போய் வந்ததும், கணக்கு மட்டும்தான் கேட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். நான் கேட்ட வேலை அவருக்குப் போனது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனிதர், வேலையும் தெரிந்தவர். இப்போது எங்கள் கிளையை ஆய்வு செய்யச் சென்னையிலிருந்து அவர்தான் வருகிறார். வரும்போதெல்லாம் அவருக்கு அறை போடுவது என் வேலை. செலவு குறைய வேண்டும் என்பது அலுவலகத்தின் உத்தரவு. ஊருக்கு வெளியே, மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜை அழைக்கிறேன். "ஒரே ஆள்தான மேடம்? வரச்சொல்லுங்க" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.