என் போனில் சகலையின் கால்

போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ கல்யாணப் போட்டோ தேடுகிறேன் என்று என் மனைவி என் செல்போனை வாங்கினாள். வாங்கியவள் திடுக்கிட்டுப் போனாள்.

"இன்னாங்க இது... போன் பூரா காலா கீது?"

உண்மைதான். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு... தினுசு தினுசாகக் கால்கள். பாதி என்னுடையவை. மீதி கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் சகலை ஏழுமலையுடையவை. ஒரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் அவர் தன் காலை எனக்கு அனுப்புவார், நான் என் காலை அவருக்கு அனுப்புவேன். குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

மனைவி விடவில்லை. ஒரு போட்டோவைப் பெரிதாக்கினாள். "சரி, இது யாரு காலு? இது நம்ம ரெண்டு ஊட்டுக் காலும் இல்லியே?"

அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழுமலை என் மனைவியின் தங்கை கோமதியின் கணவர். ஓர் இரும்பு ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டர். அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. நான் திருவள்ளூர் முழுக்க அதைச் சொல்லிப் புலம்புகிறவன். அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறவர்.

அவர் ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் தீமிதி உண்டு. பதினெட்டு வருஷமாக விடாமல் மிதித்தவர். காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளைக்குச் செருப்பு கிடையாது. ஆனால் மில்லுக்குள் சேஃப்டி ஷூ இல்லாமல் விடுவார்களா? அதனால் கேட் வரை வெறுங்கால். உள்ளே ஷூ. ஷிஃப்ட் முடிந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வெறுங்கால். அந்தப் பக்கம் காப்புக் கட்டிய எல்லோரும் இப்படித்தான்.

போன வருஷத் தீமிதிக்கு நானும் போயிருந்தேன். குழியைத் தாண்டி வந்தவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "சகல, இந்த வருசம் சூடே தெரில சகல! ஆத்தா என்னைப் பூ மேல நடக்க வச்சிட்டா!"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் கோமதி வீடு துடைத்தாள். தரையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். எங்கிருந்து வருகிறது என்று அவற்றின் பின்னாலேயே போனால் - டிவி முன்னால் ஏழுமலையின் இடது கால்.

ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். சுண்டு விரலுக்குக் கீழே அரை நக அளவில் ஓர் இரும்புத் துணுக்கு. வெறுங்காலில் கேட்டுக்கு நடந்தபோது ஏறியிருக்கிறது. அதன் மேலேயே ஷூவைப் போட்டு நாள் கணக்கில் வேலை பார்த்திருக்கிறார்.

"வலிக்கவே இல்லையா?" என்றார் டாக்டர்.

"தீயே சுடல சார் எனக்கு. இது இன்னா பண்ணிடும்?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஏழுமலையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, "தொடும்போது சொல்லுங்க" என்று உள்ளங்காலைத் தொட்டார். பெருவிரல்... பேச்சில்லை. நடுக்கால்... பேச்சில்லை. குதிகால் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஏழுமலை கண்ணைத் திறக்காமல் பொறுமையாகக் கேட்டார்:

"எப்போ சார் ஆரம்பிப்பீங்கோ?"

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்க்கரையால் காலில் உணர்ச்சியே போய்விட்டது, புண் மேலே ஏறினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கால் இல்லாமல் கிரேன் ஏணியில் ஏறுவது எப்படி?

இரண்டே நாளில் ஏழுமலை கட்டிலில் படுத்தபடி சபதம் எடுத்தார். இனி சோறே கிடையாது! புண் ஆறியதும் தினம் பத்து கிலோமீட்டர் நடை! அடுத்த ஆடிக்குத் தீமிதி!

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போனில் தினம் பத்தாயிரம் அடி என்று வைத்தேன். காலையில் முதல் ஆளாகக் கடைக்குப் போய்க் கச்சிதமாக ஒரு ஷூ வாங்கினேன். சாயங்காலமானால் கால் லேசாக வீங்கும், ஷூவை அப்போதுதான் வாங்க வேண்டும் என்று யார் கண்டது? நான்காம் நாள் குதிகாலில் கொப்புளம். போன் மட்டும் தினமும் பாராட்டிக்கொண்டிருந்தது.

நமக்கு ஏன் சின்னதாக எதையும் ஆரம்பிக்கவே வராது? டயட் என்றால் பட்டினி, நடை என்றால் மாரத்தான். பத்து நாள் கழித்து இரண்டும் இல்லை.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் ஸ்டெல்லாதான் எங்கள் இரண்டு பேரையும் தரைக்குக் கொண்டுவந்தவர்.

"பத்து கிலோமீட்டர்லாம் அப்பால பாத்துக்கலாம்ணா. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு. தெனம் ஒரு வாட்டி உங்க காலைப் பாருங்க."

"அவ்ளோதானா?"

"அத்த ஏழு நாள் பண்ணிக் காட்டுங்க மொதல்ல."

என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் கடைசியாக உங்கள் உள்ளங்காலை எப்போது பார்த்தீர்கள்? ஏழுமலைக்குத் தொப்பை குறுக்கே நின்றது. ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மறந்தார். அதற்காகத்தான் இந்தப் போட்டோ ஒப்பந்தம். ஆறு மணிக்குள் படம் வராவிட்டால் போன் போட்டுத் திட்டலாம்.

அடுத்த வாரம், குளித்ததும் விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது. அதற்கடுத்த வாரம்தான் யுத்தம் - வீட்டுக்குள்ளும் செருப்பு!

"ஊட்டுக்குள்ள செருப்பா? சாமி ரூம் கீது!" என்று கோமதி கொதித்தாள். வாசல்படி தாண்டாத புதுச் செருப்பு ஒன்று, சாமி ரூமுக்கு முன்னால் கழற்றிவிட வேண்டும் என்று சமாதானம் ஆயிற்று. வெளியே போட வைத்திருந்த செருப்பில் வேறு பேஜாரு. ஒருநாள் அது கழன்று விழுந்ததே தெரியாமல் டீக்கடை வரை போய்விட்டார். டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் வார் வைத்த சாண்டல்.

புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. சுண்டு விரல் தப்பியது. மரத்துப் போன உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் கால் இருக்கிறது, கிரேன் ஏறுகிறார். கடைசிக் கட்டைப் பிரித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதோம். வெட்கமெல்லாம் படவில்லை.

இந்த ஆடி வந்தது. தீமிதி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்புக் கட்டும் நாளில் ஏழுமலை போன் செய்தார். "பதினெட்டு வருசம் சகல... ஆத்தா முன்னாடி இன்னான்னு போய் நிப்பேன்?"

பதிலை அவரே கண்டுபிடித்தார்.

தீமிதி அன்று சாயங்காலம் போனேன். குழியைத் தாண்டி, பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைத்து வருகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாண்டலோடு ஏழுமலை. கையில் டார்ச். வருகிற ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறார்.

"இன்னாடா, சுட்டுச்சா?"

"லைட்டா சுட்டுதுண்ணா!"

"நல்லது. போய்க்கினே இரு."

அப்போது பூரித்த முகத்தோடு ஒருவர் வந்தார். அதே மில்லில் வெல்டர். "ஒண்ணுமே தெரிலண்ணா! ஆத்தா அருள்!"

ஏழுமலை அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அருள்தாம்ப்பா. இல்லாங்காட்டி என்னாண்ட வந்திருப்பியா? நாளைக்குக் காலீல நாஷ்டா துண்ணாம வா. சுகர் டெஸ்ட்டுக்குப் போலாம்."

என் மனைவி கேட்டாளே, மூன்றாவது கால் - அது அந்த வெல்டருடையதுதான். நேற்று ஆறு மணிக்குள் படம் வரவில்லை. போன் போட்டுத் திட்டினேன்.