எந்த நாட்டுக்கும் சேராத தங்கம்

“முப்பத்தெட்டு நானூத்தி இருவது” என்று ஜன்னலுக்கு வெளியே சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழிக்கிறாள் சீனித்தாய். எடைமேடைமேல் நிற்கும் உப்பு லாரியின் ஓட்டுநர், பேச்சுக்கு முப்பத்தெட்டரை டன் என்று வைத்துக்கொண்டால் என்ன என்கிறார். சீட்டில் அச்சாகியிருக்கும் எண்ணை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த லாரிக்குக் கையசைக்கிறாள். மணி கேட்டாலும் அப்படித்தான். பதினொன்று ஆகப்போகிறது என்று அவள் வாயில் வராது. “பத்து அம்பத்தி மூணு” என்பாள்.

தூத்துக்குடியில் முத்தையாபுரம் தாண்டி, துறைமுகச் சாலையில் உப்பளங்களை ஒட்டி இருக்கிறது அந்த எடைமேடை. சீனித்தாய்க்கு ஐம்பத்தொரு வயது. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கணவர் செந்தூர்வேல் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை விலக்கில் டயர் கடை வைத்திருக்கிறார். உப்புக் குவியல்களின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியை அறைக்குள்ளேயும் கழற்ற மாட்டாள். புதிதாக வரும் ஓட்டுநர்கள் அவளை ஏதோ கண் நோய்க்காரி என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். இரண்டாவது நடையில் அந்தப் பரிதாபம் போய்விடும்.

ஓட்டுநர்கள் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. தலைப்பு: இந்தியா. அதன்கீழ் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று கட்டங்கள். கிரிக்கெட்டுக்கும் பெரியவர்களின் ஒலிம்பிக்கிற்கும் அதில் இடமில்லை. உலக இளையோர் போட்டி, ஆசிய இளையோர் போட்டி, காமன்வெல்த் இளையோர் போட்டி ஆகிய மூன்றில் மட்டும், பதினெட்டு வயதைத் தாண்டாத நம் பிள்ளைகள் எந்த ஆண்டில் எத்தனை பதக்கம் வாங்கினார்கள் என்ற கணக்கு அது. பதக்கம் வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள் ஊரோடு ஒரு தடித்த நோட்டில் இருக்கின்றன. ஏன் சின்னப் பிள்ளைகள் கணக்கு மட்டும் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: “பெரியவங்களுக்கு எழுத ஆயிரம் பேரு இருக்கான். இதுகளுக்கு யாரு இருக்கா?”

ஆரம்பம் ஒரு சண்டை. முதல் உலக இளையோர் போட்டியில் இந்தியா எத்தனை தங்கம் வாங்கியது என்று ஒரு வாரப் பத்திரிகை புதிர்ப் போட்டி வைத்தது. ஒன்றுகூட இல்லை என்று சீனித்தாய் எழுதி அனுப்பினாள். இரண்டு என்பதே சரியான விடை என்று பத்திரிகை அச்சிட்டது. பரிசு ஒரு சில்வர் தூக்குச்சட்டி. தூக்குச்சட்டி போனதில் அவளுக்கு வருத்தமில்லை. இல்லாத இரண்டு தங்கத்தை அச்சடித்துவிட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை. ஆதாரங்களைத் தேடி எடுத்து நான்கு கடிதம் போட்டாள். ஐந்தாவது வாரம் தீப்பெட்டி அளவில் திருத்தம் வந்தது. தேடிய வேகத்தில் அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது: இந்தப் பிள்ளைகள் ஜெயித்துவிட்டு வந்த மறுவாரமே அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அன்றே நோட்டு வாங்கினாள்.

பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பலகையில் யாரும் பிழை கண்டதில்லை. உப்பு இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநர்கள், போட்டி நடக்கும் நாட்களில், எடை கேட்பதற்கு முன்னால் “இன்னைக்கு எத்தனைக்கா?” என்று கேட்பார்கள். ஒரு தங்கம் கூடினால் ஒருவர் ஹாரன் அடிப்பார், வரிசையில் நிற்கும் மற்ற லாரிகளும் சேர்ந்துகொள்ளும். உப்பளத்தில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, சீனித்தாய் எண்ணை மாற்றிவிட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள்.

போன பங்குனியில் ஒருநாள் ஜெரால்டு சீட்டை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றான். திரேஸ்புரத்துக்காரன். அவன் அப்பா சங்கு குளித்தவர். இவன் கடலை விட்டு லாரிக்கு வந்தவன். ஏழு ஆண்டுகளாக அந்த மேடையில் தினம் ஏறி இறங்குகிறான். பலகையைப் பார்த்தபடியே, தன் மகள் ரீனாவும் ஒரு தங்கம் வாங்கியிருக்கிறாள் என்றான். ஜூடோவில். இரண்டு ஆண்டுக்கு முன்பு, வெளிநாட்டில், உலக இளையோர் போட்டியில்.

சீனித்தாய் கண்ணாடியைக் கழற்றினாள். அந்தப் பெயர் நோட்டில் இல்லை என்று அவளுக்கு நோட்டைத் திறக்காமலே தெரியும்.

“ரெண்டு வருசமா தெனம் இந்தப் போர்டப் பாத்துட்டுப் போற. ஏம்ல சொல்லல?”

“நீங்க எழுதல. அப்ப அது பதக்கம் இல்லன்னு நெனச்சிட்டேங்க்கா.”

இப்போது ஏன் சொல்கிறான் என்பதும் வந்தது. ரீனா விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. குறிப்பிட்ட ஆண்டின் பதக்கப் பட்டியலில் இந்தியாவுக்கு ஜூடோவில் பதக்கம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. மறுப்பு இருந்தால் பதினைந்து நாளுக்குள் சென்னைக்கு நேரில் வரலாம் என்று இன்னொரு வரி. அதில் நான்கு நாள் போயிருந்தது. சான்றிதழே பொய்யாக இருக்குமோ என்று தெருவில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ரீனா அந்த நான்கு நாளாக மாதா கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

அன்று சீனித்தாய் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. போட்டி நடத்தியவர்கள் வெளியிட்ட முடிவுப் புத்தகத்தைக் கணினியில் வரவழைத்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நாடுகளின் பட்டியலில் ரீனா இல்லை. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்தாள். அது கலப்பு அணிப் போட்டி. எட்டு நாட்டுப் பிள்ளைகளை ஒரே அணியாகச் சேர்த்து விளையாட விடுவார்கள். ஜெயித்தால் எந்த நாட்டுக் கொடியும் ஏறாது, போட்டியின் கொடிதான் ஏறும். அந்தப் பதக்கம் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது. இந்தப் பகுதியை அவள் பதினைந்து ஆண்டாகப் புரட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். கொடி ஏறினால்தான் கணக்கு என்பது அவளே போட்டுக்கொண்ட விதி.

சாயங்காலம் திரேஸ்புரத்துக்குப் போனாள். ரீனாவுக்குப் பத்தொன்பது வயது, அகன்ற தோள், முகத்தில் கோபம். பதக்கத்தைக் காட்டச் சொன்னபோது எழுந்திருக்கவில்லை. அம்மா பேபிதான் அலமாரியில் இருந்து எடுத்து வந்தாள். சீனித்தாய் பதக்கத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. விளையாடிய கதையைக் கேட்டாள். எட்டுப் பேரும் எட்டு மொழி என்றாள் ரீனா. இறுதிப் போட்டியில் இரு அணியும் சரிசமமாக வந்து நிற்க, கடைசியாக இறங்கியவள் இவள். எதிரில் இவளைவிட ஒரு சாண் உயரமான பெண். அவளைக் கீழே சாய்த்து, இருபது விநாடி எழவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். சொல்லச் சொல்ல ரீனாவின் கைகள் தாமாக வளைந்து யாரையோ பிடித்தன.

“ஏளா, உன் சட்டைல முதுகுப் பக்கம் என்ன எழுதிருந்துது?”

“இந்தியான்னுதான் எழுதிருந்துது.”

“அந்தப் புள்ள கீழ கெடக்கும்போது, மேல தெரிஞ்சது அந்த எழுத்துதான?”

ரீனா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் பலகையில் நான்காவது கட்டம் விழுந்தது. கலப்பு அணி என்று பெயரிட்டு அதில் ரீனாவைச் சேர்த்தாள். அதோடு பழைய முடிவுப் புத்தகங்களையெல்லாம் மறுபடி திறந்து, இதேபோல விட்டுப்போன நம் பிள்ளைகளைத் தேடி எடுத்து நோட்டில் ஏற்றினாள். என்னக்கா, போர்டு தப்பா என்று ஓட்டுநர்கள் கேட்டபோது, “ஆமா. தப்பு என்னுது” என்று எல்லோரிடமும் ஒரே குரலில் சொன்னாள். சொல்லும்போது காது சிவந்தது.

கெடுவின் பதினான்காம் நாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் இறங்கினார்கள், அவளும் ரீனாவும். ஜெரால்டுக்கு லோடு இருந்தது. விசாரணை அறையில் ஓர் அதிகாரியும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். நீங்கள் பயிற்சியாளரா என்று அதிகாரி சீனித்தாயைக் கேட்டார். இல்லை சார், எடைமேடை என்றாள் அவள். ஓர் உறுப்பினர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. தமக்கு இந்தப் பெண்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை என்று பொறுமையாகவே விளக்கினார். எந்தப் பட்டியலை எடுத்தாலும் இந்தியாவின் பெயருக்கு நேரே இந்தப் பதக்கம் இல்லை. எட்டு நாட்டுக்கும் பொதுவானதை ஒரு நாட்டின் பதக்கம் என்று தாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

சீனித்தாய் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை மேஜைமேல் வைத்தாள். ரீனாவின் பெயருக்கு எதிரே இந்தியாவின் மூன்றெழுத்துக் குறியீடு இருந்த இடத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். பக்கத்தில் ஒரு புகைப்படத்தை வைத்தாள். கீழே கிடக்கும் உயரமான பெண்ணும், மேலே ரீனாவின் முதுகும். பிறகு பேசினாள்.

“சார், ரெண்டு உப்பளத்து உப்பு ஒரே லாரில ஏறி வரும். மொத்தமாத்தான் எடை போடுவேன். ரெண்டு பேரும் ஏத்துனதுனால இது யாரு உப்பும் இல்லன்னு நான் சீட்டு எழுதுனா, என்னைய அந்த நாற்காலில உக்கார விடுவாவளா?”

“இது ஒரு தங்கம்மா. எட்டு நாடு.”

“ஒரு தங்கத்த எட்டாப் பிச்சிக் குடுக்கல சார். எட்டுப் புள்ளைகளும் ஆளுக்கு ஒரு முழுத் தங்கம் போட்டுக்கிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கு. மத்த ஏழும் எந்த நாட்டுக்குப் போச்சோ அந்த நாட்டுது. இது திரேஸ்புரத்துக்கு வந்துது.”

சிரித்த உறுப்பினர் புகைப்படத்தைத் தன் பக்கம் இழுத்து, எத்தனை விநாடி பிடித்தாய் என்று ரீனாவைக் கேட்டார். “இருவது சார். அதுக்கு மேலயும் பிடிச்சிருப்பேன், நடுவர் விடச் சொல்லிட்டாரு” என்றாள் ரீனா. அதிகாரி விதிப் புத்தகத்தை வாங்கி, தகுதி என்ற பகுதியை இரண்டு முறை படித்தார். போட்டியில் நாட்டின் சார்பாகக் கலந்துகொண்டு பதக்கம் பெற்றவர் என்றுதான் அதில் இருந்தது. பதக்கப் பட்டியல் என்ற சொல்லே அங்கு இல்லை. அவர் பேனாவைத் திறந்தார். ரீனாவின் கோப்பில் முதல் பக்கத்தில் பதக்கம் இல்லை என்று இருந்த வரியை அடித்துவிட்டு அவர் புதிய வரியை எழுத, மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் ரீனா உட்கார்ந்து அழுதாள். சீனித்தாய் தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, மணி பன்னிரண்டு ஏழு, சாப்பாடு கிடைக்கும் என்றாள்.

வேலைக்கான ஆணை அதிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் வந்தது. மதுரையில் பணி. வெயில் ஏறிய பத்து மணிக்கு ரீனா பழைய ஸ்கூட்டரில் உறையோடு எடைமேடைக்கு வந்தாள். அன்று ஜெரால்டின் லாரி வரிசையில் நான்காவது. அவன் இறங்கி ஓடி வருவதற்குள் விஷயம் முன்னால் நின்ற லாரிகளுக்குத் தெரிந்து, ஹாரன் சத்தம் துறைமுகம் வரை போனது. உப்பளத்துப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலைக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி ரீனாவின் கன்னத்தைக் கிள்ளியதில் அங்கே உப்பு ஒட்டிக்கொண்டது. ஜெரால்டு உறைக்குள் பார்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

சீனித்தாய் உறையை வாங்கி, ஆணையை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தாள். தந்தை பெயரின் எழுத்து, தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. மடித்துக் கொடுத்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் அத்தை என்று ரீனா ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் லாரிகள் வழியை அடைத்தபடி நகரத் தொடங்கியிருந்தன. சீனித்தாய் அறையிலிருந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையின் நடுவில் போய் நின்று, நாற்பது டன் பாரத்தோடு உறுமிக்கொண்டு வந்த முதல் லாரிக்கு எதிரே உள்ளங்கையை உயர்த்தினாள். லாரி நின்றது. மற்றொரு கையால் ரீனாவுக்கு வழி காட்டினாள்.