இடைவேளை வரைக்கும்

அக்காவை அந்தப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். பாவா, அதாவது அவள் புருஷன், அரக்கோணத்தில் வேறொருத்தியோடு குடியேறியதிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. தலை வாருவதில்லை. தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவாள், இல்லையென்றால் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள்மேலா, அவர்மேலா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. திருத்தணி முழுக்கக் காவடிக் கூட்டம், தியேட்டரில் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய நடிகர் யாரும் இல்லாத படம். பஸ் ஸ்டாண்டு சுவரில் அதன் போஸ்டர்மேல் அதற்குள் வேறொன்றை ஒட்டிவிட்டார்கள். கதையும் புதிதில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போகிறான், இவள் இடிந்துபோகிறாள். ஆனால் அந்த நடிகை அழவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏய், நானும் இப்படித்தான்டி நின்னுகினு இருந்தேன்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளாக வாய் திறந்து பேசியது அதுதான். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தப் பெண் தனியாக ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டுப் படியேறினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

லைட் போட்டதும் அம்மாவின் போன். "பாவா வந்துகினு இருக்கான். அக்காவைக் கூட்டினு வா."

"இப்ப எதுக்காம் வராரு?"

"உங்க அத்தை பெத்த புள்ளடி. வெளியவே நிக்க வெச்சி அனுப்பச் சொல்றியா?"

சொந்தத்தில் கட்டிக்கொடுத்தால் இதுதான் தொல்லை. புருஷனாக இல்லாமல் போனாலும் அத்தை மகனாக வந்து நிற்பான்.

அக்கா பாப்கார்னை சீட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். ஆட்டோ கண்ணாடியைப் பார்த்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதிக்கொண்டாள்.

பின்னால் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாவா திரும்பி வந்துவிட்டால் இருவரும் ஜோடியாகப் புஷ்பக் காவடி எடுப்பார்கள் என்று அம்மா வேண்டியிருந்தாள். அவர் வருகிற வழியாக இல்லை. சரி, காவடியை முதலில் எடுத்துவிடலாம், வாங்கிக்கொண்ட பிறகு முருகன் சும்மா இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டாள். அத்தை காலில் விழுந்தாள். அத்தை பிள்ளையை மிரட்டி அனுப்பிவிட்டாள். அக்காவிடம் இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் இருவரும் மஞ்சள் உடுத்திப் படியேறினார்கள். அக்கா போட்ட அரோகராவில் எனக்கே கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை.

மலையிறங்கியதும் பாவா மாலையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். "அத்தை, நீங்க கேட்டதைப் பண்ணிட்டேன். போதுங்களா? நான் கெளம்பறேன்."

கூட்டத்தோடு கூட்டமாக பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"எங்கடி போறாரு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

படத்தை அந்த வாரமே தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு போனில் வந்தபோது நான் முழுசாகப் பார்த்தேன். படத்தில் புருஷன் திரும்பி வரவில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், அந்த ரூமில் பால் வைக்கிறாள், பொங்குவதற்குள் இறக்குகிறாள். அவ்வளவுதான் முடிவு. எவ்வளவு நல்ல படம், ஒருத்தரும் பார்க்கவில்லையே! அக்காவாவது பார்க்கட்டும் என்று போனைக் கொடுத்தேன்.

பார்த்தாள். இப்போதும் அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்க்கிறாள். அந்தப் பெண் படியேறியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

"இன்னும் பாதிப் படம் இருக்குக்கா."

"ஆங், இருக்கட்டும். இன்டர்வல்லதானடி அவர் வந்தாரு."

சொல்லிவிட்டு, தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதிக்கொள்கிறாள்.