விஷமென்று எடுத்து வைத்த மிட்டாய்

எங்கள் வீட்டில் சர்க்கரை இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று அடுப்பு மேடையில், டீக்கு. மற்றொன்று மருந்துப் பெட்டியில், இன்சுலின் ஊசிகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறு டப்பாவில். வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டாவது டப்பாவைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். "சக்கரை நோவு இருக்கற புள்ளைக்குச் சக்கரையவே மருந்தா வெச்சிருக்கறீங்களாக்கும்!" என்பார்கள். விளக்கி விளக்கி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

என் மகளுக்கு ஒன்பது வயதில் அந்த நோய் வந்தது. இப்போது பன்னிரண்டு. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் வேறு, இது வேறு. இவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விட்டது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனாலோ, ஓடியாடி விளையாடினாலோ ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வேர்க்கும். கை நடுங்கும். பேச்சு குழறும். அதற்குப் பிறகு நினைவு தப்பும். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது உடனே ரத்தத்தில் ஏறுகிற இனிப்பு. சத்துமாவு, கீரை, பருப்பு, பாதாம் ஒன்றும் அப்போது உதவாது. அதனால்தான் அவளுடைய பையின் முன்பக்க ஜிப்புக்குள் ஆரஞ்சு மிட்டாய் எப்போதும் இருக்கும்.

நோய் வந்த புதிதில் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்தார்கள். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசியது எனக்குக் கேட்டது. "டவுன்ல இருக்கறவிய, பேக்கரிப் பண்டந்தான எந்நேரமும்." "கேட்டப்ப எல்லாம் முட்டாயி வாங்கிக் குடுத்திருப்பா." இது மிட்டாய் தின்று வருகிற நோயல்ல என்று சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் காட்டுகிற டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பண்டத்துக்கு விஷம் என்று பேர் வைத்துவிட்டால், அதைக் கொடுத்தவளுக்கும் ஒரு பேர் வைத்தாக வேண்டுமே.

என் கணவரின் அக்கா திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தது. யாரோ ஒரு இயற்கை உணவுக்காரரின் பேச்சைப் போனில் கேட்டு, வீட்டில் அரிசிச் சோற்றை நிறுத்தினார். மைதாவை நிறுத்தினார். சர்க்கரையை மூட்டையோடு கொடுத்து அனுப்பினார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்தது, புண்ணும் ஆறியது. அது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் வீட்டில் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "வெள்ளையா இருக்கறது பூராவும் விசங் கண்ணு. அரிசி, சக்கரை, மைதா, உப்பு." உருளைக்கிழங்கை இலையில் ஒதுக்கிவைக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக் கிடாய் வெட்டுவதாக முடிவாயிற்று. முதல் நாளே நங்கையா வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு, காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் காட்டுக்கு நடுவே நாலு கல்லும் ஒரு வேலும். பக்கத்தில் கடை கிடையாது, வீடு கிடையாது. படையல் போட்டுக் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் யாரும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் பங்காளிக் கூட்டத்து வழக்கம். அது எனக்குத் தெரியும். மகளுக்கு மட்டும் காலையிலேயே கடையில் இட்லி வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தேன். மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை.

பொங்கல் பொங்கிவிட்டது. இலை விரித்துத் தேங்காய், பழம், பொரிகடலை, நாட்டுச்சர்க்கரை எல்லாம் வைத்தாயிற்று. கிடாய் மட்டும் வரவில்லை. என் கணவரின் சித்தப்பா மேச்சேரியில் சொல்லிவைத்து வாங்கிய கிடாய். அது ஒரு வேனில் வந்துகொண்டிருந்தது.

"எங்க வாராங்களாமுங்க?" என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"சங்ககிரி தாண்டியாச்சாமா. இந்தா, வந்துட்டே இருக்கறான்."

கிளம்பாதவனும் பாதி வழி வந்துவிட்டதாகச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை வயதுக்கு எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஊசி போட வேண்டும். சங்ககிரி என்றால் கிட்டத்தில்தானே என்று போட்டுவிட்டேன். அடுத்து வந்த போன், வேன் பஞ்சர் என்றது. எடப்பாடியே தாண்டவில்லையாம். ஆட்களையும் கிடாயையும் ஏற்றி வர என் கணவர் காரை எடுத்துக்கொண்டு போனார். என் கைப்பையும், அதில் இருந்த குளுக்கோஸ் பொட்டலமும் காரோடு போய்விட்டன. அப்போது எனக்குப் பயமில்லை. மிட்டாயும் மீட்டரும் இருக்கிற மகளின் பை அவளிடமே இருந்தது.

"பாப்பாளுக்கு ஊசி போட்டுட்டனுங்க. அவளுக்கு மட்டும் சித்தே சோறு குடுத்தறலாமுங்களா?" என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாரு வவுறுந்தான் காயுது. சாமிக்குக் காட்டாம எப்பிடீம்மா?"

மகள் டிராக்டர் நிழலில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தவள் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, என் கால் என்னுது மாதிரி இல்லம்மா" என்றாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. முகம் வெளுத்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத எண் மீட்டரில் நாற்பதைத் தொட்டிருந்தது.

பையின் ஜிப்பைத் திறந்தேன். மிட்டாய் இல்லை. காகிதத்தில் சுற்றிய நாலு வேர்க்கடலை உருண்டைகள் இருந்தன.

"மிட்டாய் எங்கடி?"

"அத்தை..." என்றாள். அதற்கு மேல் நாக்கு சுழலவில்லை.

நங்கையா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நாந்தான் எடுத்து வெச்சேன் கண்ணு. சக்கரை நோவுக்கு முட்டாயி விசமில்லியா? கம்பும் கல்லக்காயும் அரைச்சு உருண்ட புடிச்சு வெச்சிருக்கறேன் பாரு. துளி இனிப்பு போடுல. அதக் குடு, தெம்பா எந்திரிச்சுருவா."

"நங்கையா, சக்கரை வேணும். இப்பவே வேணும். யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா?"

"எம்பட ஊட்லயே சக்கரை இல்ல. இங்க எங்கிருந்து வரும்?"

அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மகளின் தலை என் தோளில் சாய்ந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு படையலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இலையிலிருந்து நாட்டுச்சர்க்கரையை ஒரு கை அள்ளினேன்.

"ஏனுங்கம்மா! ஏனுங்கம்மா! சாமிக்கு இன்னங் காட்டுலீங்க!" என்று பூசாரி ஓடி வந்தார்.

"எச்சப் பண்ணிப்புட்டாளே, பாவி!" என்று பின்னால் ஒரு பெண் குரல்.

"வாயத் தொற சாமி. தொற கண்ணு. அம்மா சொல்றனல்ல, முழுங்கு." கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன். பாதி தாடையில் வழிந்தது. முழுங்கினாள். இன்னும் கொஞ்சம் வைத்தேன். முழுங்கினாள். சுற்றி நின்றவர்கள் பேசியதெல்லாம் தூரத்தில் எங்கோ ரேடியோ பாடுவதுபோல இருந்தது. மறுபடி குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, சர்க்கரை ஒட்டிய என் கையைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். அவற்றில் ஒன்றும் அவள் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுகிற முகமாக இல்லை.

படையலை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புது இலை போட்டார்கள். புதிதாகப் பொங்கல் வைக்க வேண்டும் என்றார்கள். தற்காலிகமாக ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும், அவளுக்குச் சோறு வேண்டும் என்று எடுத்துவைத்த பொங்கலிலிருந்து ஒரு கரண்டி கேட்டேன். அதுதான் இனி சாமிக்கு ஆகாதே. "இன்னொருக்காக் கெடுக்கோணுமா?" என்றார் சித்தப்பா. கார் வந்ததும் நான் மகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிடாய் இறங்கியது, நாங்கள் ஏறினோம். சங்ககிரி ரோட்டில் திறந்திருந்த முதல் கடையில் புரோட்டாதான் இருந்தது. மைதாப் புரோட்டா. என் மகள் இரண்டு தின்றாள். அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன்.

காரில் திரும்பும்போது என் கணவர், "அக்கா நல்லதுக்குன்னு நெனைச்சுத்தான பண்ணாங்க" என்றார்.

"அந்த மிட்டாய என்ன பண்ணாங்கன்னு கேட்டீங்களா?"

பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள். "தோட்டத்துல வேலை செய்யறவங்க புள்ளைங்க இருந்தாங்கல்லப்பா, அவங்களுக்குக் குடுத்துட்டாங்க. வீசறதுக்கு மனசு வல்லையாம். அம்மாகிட்டச் சொன்னா சண்டை வரும்னு நான் சொல்லல."

தன் தம்பி மகளுக்கு விஷம். கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மிட்டாய். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சந்தோஷமாகத்தான் சப்பியிருப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. விஷம் என்று மனதார நம்பியிருந்தால் கொடுத்திருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. நம்பவில்லையென்றால் எதற்காக என் பிள்ளையின் பையில் கை வைக்க வேண்டும்?

தினமும் மிட்டாய் தின்னலாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் ஒரு கரண்டிச் சோறு கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பார்க்கிறவள் நான். எந்தச் சோறு எவ்வளவு ஏற்றும் என்று நங்கையாவுக்குத் தெரிவதைவிட எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரரின் தட்டில் அந்தச் சோறு கெடுதல் செய்தது. என் மகளின் தட்டில் அது இல்லாவிட்டால் ஊசியே அவளுக்கு எமன். அதே அரிசி, ஒரே குடும்பம். அரிசியைப் பார்த்து நல்லது கெட்டது என்று எப்படிச் சொல்வது? யார் சாப்பிடுகிறார்கள், எந்த நேரத்தில், எவ்வளவு என்று கேட்கப் பொறுமை வேண்டும். விஷம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னவர் அறிவாளி ஆகிவிடுவார். கேட்டவர் குற்றவாளி ஆகிவிடுவார். நம் பக்கத்தில் இப்போது கல்யாணப் பந்தியில்கூட இதுதான் பேச்சு. ஒருவன் இலையை இன்னொருவன் வேவு பார்க்கிறான். முன்பெல்லாம் "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டவர்கள், "இதெல்லாம் நீங்க சாப்பிடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

படையல் கெட்டதற்கு என்னை ஒரு தெய்வக்குத்தம் பண்ணியவளாக ஊர் பேசியது. மிட்டாயை எடுத்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஆகவேண்டியது வேறு. அடுத்த முறை சர்க்கரை இறங்கும்போது என் மகள் தயங்காமல் வாயில் இனிப்பைப் போட வேண்டும். நான் பக்கத்தில் இல்லாத இடத்தில் இறங்கினால் அவள் உயிர் அந்த ஒரு செயலில்தான் இருக்கிறது.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்க நங்கையா சேலத்துக்கு வந்தார். எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த மகள் சோபாவில் துவண்டு உட்கார்ந்தாள். அந்த வெளுப்பை நான் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"குத்திப் பாத்தியா?"

"இறங்கியிருக்கும்மா" என்றாள் மெதுவாக. பை மடியில் இருந்தது. ஜிப்பின் மேல் கை இருந்தது. திறக்கவில்லை. எதிரே நங்கையா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் என்ன? எடுத்துப் போடு."

"அத்தை ரூமுக்குப் போகட்டும்மா."

நானே ஜிப்பைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"புள்ளைக்கு என்னாச்சு கண்ணு?" என்று நங்கையா கேட்டார்.

கதவில் காதை வைத்து நின்றேன். காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு, பல்லில் மிட்டாய் நொறுங்கும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டாள். வீட்டில் சோபாவிலிருந்து குளியலறை நாலு எட்டு வைக்கிற தூரம். அவள் படிக்கிற பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிவறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது.