துவாதசியன்று ஒரு விரதம்

எல்லோரும் ஒரே குரலில் 'ரொம்ப நல்ல குழந்தை' என்று சொல்லும் குழந்தையைக் கண்டால் எனக்கு உள்ளூரச் சந்தேகம் வரும். குழந்தை என்றால் ஏதாவது வேண்டும் என்று கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எதுவுமே கேட்காத குழந்தை, கேட்டுப் பயனில்லை என்று எங்கேயோ தெரிந்துகொண்டிருக்கிறது. இப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் என்னைக் குதர்க்கக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திருவனந்தபுரத்துக் கரமனையில் பல வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டு முன்னறைப் பாயில் உட்கார்ந்து எழுந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் பெண் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அம்மா, இவள் நடை பழகும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா கல்யாணச் சமையல்காரர். அவர் கை சாம்பாருக்காக முகூர்த்தத்தையே தள்ளிவைத்த குடும்பங்கள் உண்டு. நாகர்கோவில், பாலக்காடு, சமயத்தில் சென்னை வரைக்கும் கூப்பிடுவார்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போனது தெருவுக்கே தெரியும். வழியனுப்பப் பாதித் தெரு போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு யார் துணை என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோடை விடுமுறையில் வகுப்பைக் காலைக்கு மாற்றிவிடுவேன். பாடி முடித்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் இட்லி உண்டு. அந்த வருடம் விடுமுறை தொடங்கியதிலிருந்து இவள் மட்டும் தட்டைத் தொடவில்லை. 'இன்னிக்கு சஷ்டியாக்கும், டீச்சர்' என்பாள். இன்னொரு நாள் பிரதோஷம். சனிக்கிழமையானால் சனிக்கிழமை விரதம், திங்களானால் சோமவாரம். சொல்லிவிட்டு மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் தெருவுக்கு இது போதாதா? விரதம் என்ற ஒரு சொல்லைக் கேட்டால் இங்கே எல்லாருக்கும் கண் பனித்துவிடும். கோயிலில் அவளை வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். தலையில் பூ வைத்தார்கள். "இந்தக் காலத்துல இந்த ப்ராயத்துல இத்தன பக்தியா? அம்மா இல்லேன்னாலும் பகவான் நன்னா வளர்த்திருக்கார்" என்று என் பக்கத்து வீட்டு மாமி என்னிடமே சொன்னாள். தன் பேத்தியை இழுத்து அவள் முன்னால் நிறுத்தி, "பாத்துக்கோ, இவளைப் பாத்துப் படி" என்றும் சொன்னாள். ஒருத்தியாவது ஒரு டம்ளர் பால் கொடுத்தாளா என்றால் இல்லை. விரதத்தைக் கெடுத்த பாவம் வந்துவிடுமாம்.

எனக்கு அவள் குரல்தான் உறுத்தியது. மேல் ஸட்ஜத்தில் நிறுத்தினால் போதும் போதும் என்று நான் சொல்லும்வரை நிற்கிற பெண், பாதி வரியிலேயே மூச்சு வாங்கினாள். சுருதிப் பெட்டியை நிறுத்தும்போது பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். தலை எண்ணெய் கண்டு நாளாகியிருந்தது. வகுப்பு முடிந்தாலும் போக மாட்டாள். பாயைச் சுருட்டுகிறேன், முற்றம் பெருக்குகிறேன் என்று எதையாவது சாக்கு வைத்துச் சுற்றிச் சுற்றி வருவாள். இது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் எந்தக் குழந்தையும் செய்வதுதான். சேர்த்துவைத்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் நடந்த மாதங்களில் இவளுக்கு ஒரு விரதமும் இருந்ததில்லை. பள்ளியில் மத்தியானச் சோறு உண்டு. விடுமுறை விட்டால் அது கிடையாது; கல்யாணங்களும் அந்த மாதங்களில்தான் கூடுதல்.

அடுத்த நாள் துவாதசி. முந்தைய நாள் ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர் கூட இல்லாமல் இருந்தவர்களும் துவாதசியன்று காலையில் முதல் வேலையாகச் சாப்பிட வேண்டும். ஏகாதசி பலிப்பதே அப்போதுதான். எங்கள் வீடுகளில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் தட்டை நீட்டினேன். "வேண்டாம் டீச்சர். இன்னிக்கு விரதமாக்கும்" என்றாள். நாள் தப்பிவிட்டது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. எனக்குப் பகீரென்றது.

கோபம் வந்தால் என் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று அதை அடக்கிக்கொண்டேன். மற்றக் குழந்தைகளை அனுப்பிவிட்டு அவளைச் சமையலறையில் உட்காரவைத்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இட்லியும் பாலும் வைத்துவிட்டு, "இன்னிக்குச் சாப்பிடலேன்னாதான் தோஷம். சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டாள் என்று தெரியும். திரும்பியபோது தட்டு காலியாக இருந்தது. மறுபடி வைத்தேன். அதுவும் காலி.

"அப்பா எப்போ போனார்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை. நாகர்கோவில்ல ரெண்டு கல்யாணம்."

அன்று புதன்கிழமை.

"ஆத்துல யார் இருக்கா, துணைக்கு?"

அவள் காலித் தட்டைக் கழுவ எடுத்தாள். பிறகு, "அப்பாட்ட பறயாதேங்கோ, டீச்சர். ஊருக்கே இலை போடறவனோட பொண்ணு இன்னொராத்துல போய்க் கை நீட்டப்டாதுன்னு பறஞ்சிருக்கார்" என்றாள்.

இந்த இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் சட்டென்று, 'இல்லடா கண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்துக்குக் குழந்தை அழுகையை நிறுத்திவிடும், நமக்கும் நிம்மதி. நான் கொடுக்கவில்லை. "யாருகிட்டயும் பறயமாட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு நல்லது பண்ணக்கூடிய ஆள்கிட்டச் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டேயும் சொல்லுவேன்" என்றேன். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. ஆனாலும் மேற்கொண்டு பேசினாள். பொய்யாக வாக்குக் கொடுத்திருந்தால் பேசியிருக்க மாட்டாள் என்றே இன்றும் நம்புகிறேன்.

அப்பா போகும்போது ஒரு பானைச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். அவலும் பழமும் இருக்கும். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டிவிட்டுப் போவார். வாழ்க்கை முழுக்க அடுப்படியில் நின்ற மனிதர். எண்ணெய் தெறித்தவர்களையும் தீப்பிடித்தவர்களையும் கண்ணால் பார்த்தவர். குழந்தை தீயைத் தொடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேட மாசத்துச் சித்திரை வெயிலில் இரண்டாம் நாளே சோறு ஊசிப்போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நாளைக்கு வந்துவிடலாம் என்று நினைப்பார். இன்னொரு கல்யாணம் கூடச் சேர்ந்துகொள்ளும்.

அவள் கடைசியில் போகிற போக்கில் சொன்னதுதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. "மாடில வாடகைக்கு இருக்கற மாமா புரோட்டா வாங்கி வச்சிருக்கேன், மேல வாயேன்னு விளிச்சார். ரெண்டு தடவை விளிச்சார். நான் போகல்லே" என்றாள். பிறகு, "நேத்திக்குப் போலாமோன்னு தோணித்து" என்றாள்.

அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள ஒரு குழந்தையை மாடிக்கு அனுப்பிப் பார்க்க முடியாது. பசித்த குழந்தைக்கு முதலில் சோறு காட்டுகிறவன் எவனோ, அவன் பின்னால் அது போகும். கெட்ட எண்ணம் உள்ளவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம்தான் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தோம்.

குழந்தைகளுக்கான உதவி எண் பள்ளிச் சுவர்களிலும் பஸ்ஸின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறது. எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, இன்னாரைக் கூப்பிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பாவைப் பிடிச்சுண்டு போயிடுவாளா?"

"எனக்குத் தெரியாது. ஆனா உன்னைத் தனியா விட மாட்டா. அது தெரியும்" என்றேன்.

அதற்குள் எப்படியோ செய்தி பரவி, பக்கத்து வீட்டு மாமி மூச்சிரைக்க வந்துவிட்டாள். "டீச்சர், எந்துக்கு இதெல்லாம்? நம்ம தெரு காரியம் நம்ம தெருவோட போட்டும். பொண்கொழந்தை, நாளைக்கு ஒரு பேர் வந்தா யார் ஏத்துப்பா? நாங்க எல்லாருமா மாறி மாறிச் சோறு போட்டா ஒரு கொழப்பமும் இல்லே."

"இத்தனை நாள் யார் போட்டேள்?" என்றேன். அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள். இன்றுவரைக்கும் என் மேல் அவளுக்கு வருத்தம்தான். எனக்கும் அவள் மேல் வருத்தம்தான், சரிக்குச் சரி.

உதவி எண் அலுவலகத்திலிருந்து வந்தவள் ஓர் இளம்பெண், சுரிதாரும் தோள்பையும். வந்ததும் எங்கள் யாரிடமும் பேசாமல் தரையில் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "மோளுக்கு இனியும் விஷக்குன்னுண்டோ?" என்று கேட்டாள். இன்னும் பசிக்கிறதா என்று. எங்கள் தெரு முழுவதும் கேட்காத கேள்வியை அவள் முதல் வாக்கியமாகக் கேட்டாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். அப்பாவைத் தொலைபேசியில் பிடித்தாள். மாடிக்காரரிடமும் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவர் அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது, நான் ஊகிக்கவும் மாட்டேன்.

குழந்தை என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோன பிறகுதான் அதை முடிவு செய்ய முடியும், அதுவரை அரசு இல்லத்தில் இருக்கட்டும் என்றாள் அந்தப் பெண். நியாயம்தான். என்னை மட்டும் அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் வண்டியில் ஏறும்போது குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். நினைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் போய் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அப்பா நேராக என் வீட்டுக்கு வந்தார். வேட்டியில் மஞ்சள் கறை, கண்ணெல்லாம் சிவப்பு. "மாமி, ஆயிரம் பேருக்கு இலை போடறவன் நான். என் கொழந்தைய நான் பட்டினி போட்டேன்னு கவர்மெண்டுல பறஞ்சேளா?"

"அந்த ஆயிரம் பேர்ல அவ இல்லையே" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வந்தது, மறைக்கவில்லை. காப்பி கலந்து கொடுத்தேன். ஆனால் ஒரு வார்த்தையும் பின்வாங்கவில்லை. அன்பு இருந்ததா என்றால் நிறைய இருந்தது. அன்பு ஊரில் இல்லாதபோது அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

குழு அவரை ஜெயிலில் போடவில்லை. அவரிடமும் பேசினார்கள், என்னிடமும் பேசினார்கள், அவளிடம் தனியாக வெகு நேரம் பேசினார்கள். அந்த வாரத்துக்குள் குழந்தை வீட்டுக்குத் திரும்பினாள், நிபந்தனைகளோடு. இரவு தங்கும் வேலைக்கு அப்பா போனால் அவள் என் வீட்டில் இருப்பாள். பள்ளி திறந்ததும் அங்கே உள்ள கவுன்சிலர் அவளை அடிக்கடி பார்ப்பார். அந்தச் சுரிதார்ப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பாள், பார்த்தாள். அப்பா வெளியூர் வேலைகளைக் குறைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக் கல்யாணங்களை மட்டும் ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். நன்றாக யோசித்திருந்தால் முன்பே செய்திருக்கலாம் என்று அவரே சொன்னார்.

அவள் மட்டும் என்னை மன்னிக்கவில்லை. பாட்டுக்கு வந்தாள், என் வீட்டில் தூங்கினாள், வைத்ததைச் சாப்பிட்டாள், முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கெஞ்சவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குக் கோபப்பட உரிமை உண்டு. இட்லியில் உப்புக் குறைவு என்று ஒரு நாள் தட்டைத் தள்ளினாள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வருடம் ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். குரல் திரும்பியிருந்தது, உயரமும் கூடியிருந்தது. முகம் மட்டும் அந்தத் துவாதசிக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தது.

"டீச்சர், என் கிளாஸ்ல ஒரு குட்டி உண்டு. இந்தப் புழுக்கத்துலயும் முழுக்கை போட்டுண்டு வரா. பி.டி. பீரியட்ல மாத்தச் சொன்னா அழறா. எல்லாரும் கேலி பண்றா" என்றாள். நான் அவள் பையைக் கழற்றி வைத்தேன்.

"ஸ்கூல்ல கவுன்சிலர் லீவாக்கும். கையில இருக்கற காயத்தை யாருகிட்டயும் பறயாதேன்னு அவ என்கிட்டக் கேட்டா. பறயமாட்டேன்னு நான் சொல்லல்லே." மூச்சு விட்டுக்கொண்டாள். "நீங்க அன்னிக்கு யாரை விளிச்சேளோ, அவாளை விளிக்கணும். ஃபோனைத் தாங்கோ. நானே பேசறேன்."