நம்ம ஊருத் தண்ணி

என் பெயர் தெய்வசிகாமணி. பிள்ளைச்சாவடியில் மீன் பிடிக்கிறவன். அதோடு நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும். புதுச்சேரி டவுனில் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கு மீன் கொடுத்துப் பழகியதில் வணக்கத்துக்கு 'போன்ழூர் முசியே', நன்றிக்கு 'மெர்சி முசியே' என்று சொல்லக் கற்றிருந்தேன். அதை வைத்துக்கொண்டே ஊரில் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். கரையில் வேறு யாருக்கும் பிரெஞ்சு தெரியாததால் மேற்கொண்டு கற்க அவசியமும் வரவில்லை.

என் பெண்டாட்டி அஞ்சலாட்சிக்கு மட்டும் என் பெருமை விளங்கவில்லை. அவள் விடியுமுன் எழுந்து, மேற்கே செம்மண் மேட்டுத் தோட்டக் கிணற்றுக்குப் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவாள். பிறகு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவாள். எங்கள் ஊரிலும் கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் குழம்பு வைத்தால் உப்புப் போட வேண்டாம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குடம் தூக்குவது பெண்பிள்ளை வேலை, ஊரைப் பற்றிப் பேசுவது என் வேலை என்று இருந்தேன்.

முப்பத்தாறாம் வருஷம் டவுனிலிருந்து தகவல் வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பாராம், ஊருக்கு எது ரொம்ப அவசியமோ அதைப் பிரெஞ்சுச் சர்க்கார் செய்து தருமாம். ஆம்பிளைகள் மாரியம்மன் கோயிலில் கூடினோம். மச்சான் உத்திராபதி கரைவரைக்கும் ரோடு வேண்டும் என்றான். டவுன் கடற்கரையில் இருக்கிற மாதிரி விளக்குக் கம்பம் வேண்டும் என்று நான் கத்தினேன். அஞ்சலாட்சி பெண்களைத் திரட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வெளக்க ஏத்தி வச்சிக்கினு எதப் பாக்கப் போறீங்க? உப்புக் கெணத்தையா? மொதல்ல நல்ல தண்ணிக்குக் கெணறு கேளுங்க. இல்லன்னா எவ வூட்டுலயும் அடுப்பு எரியாது."

சோறு என்றதும் எங்களுக்கு ஞானம் வந்தது. கிணறுதான் கேட்பது என்று முடிவாயிற்று. பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே தலையை நீட்டினேன்.

அதிகாரி வருகிற அன்று அஞ்சலாட்சி ஒரு செம்பு நிறைய எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வைத்தாள்.

"வந்ததும் இதக் குடு. ஒரு வாய் குடிச்சாப் போதும், அவருக்கே வெளங்கிடும். நீ வாயத் தொறக்கவே வாணாம்."

வாயைத் திறக்க வேண்டாம் என்று யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

அதிகாரி முசியே தனிஸ்லாஸ் மோட்டாரில் வந்து இறங்கினார். டவுன் கிறிஸ்தவர், நல்ல தமிழ் பேசுகிற மனிதர். வெயிலில் கோட்டும் தொப்பியுமாக வந்தவருக்கு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. பெருக்கித் தெளித்துத் தோரணம் கட்டிய தெருவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றார்.

செம்பைப் பார்த்தேன். ஊர் தேடி வந்தவருக்கு உப்புத் தண்ணீரா? டவுனில் போய் என்ன சொல்வார்? எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. உள்ளே ஓடி, அவள் காலையில் கொண்டுவந்த குடத்திலிருந்து மொண்டு, வெட்டிவேரும் போட்டுக் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு தரம் வாங்கிக் குடித்தார்.

"டவுன்லகூட இப்படித் தண்ணி கெடைக்காது. எங்க புடிச்சீங்க?"

இதைவிட நல்ல சமயம் எவனுக்கு வாய்க்கும்? கேள்வியை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாம் நம்ம ஊருத் தண்ணிதான் முசியே" என்றேன்.

பக்கத்தில் உத்திராபதி தலையில் கை வைத்தான். நான் கிணறு கேட்கத் தொடங்கியதும் அதிகாரி சிரித்துவிட்டார்.

"இத்தினி நல்ல தண்ணிய வச்சிக்கினு இன்னொரு கெணறா? பேராசக்காரங்கய்யா நீங்க. தெருவுல வெளக்கு இல்ல போல, ஒரு கம்பம் நடச் சொல்றேன்."

மோட்டார் கிளம்பியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பின்னாலேயே ஓடினேன். பதற்றத்தில் தமிழ் வரவில்லை. வாயில் வந்ததெல்லாம் "மெர்சி முசியே! மெர்சி முசியே!" அவரும் சந்தோஷமாகக் கையசைத்துக்கொண்டே போய்விட்டார்.

அஞ்சலாட்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நம்ம ஊருத் தண்ணின்னியே, அது எங்க ஊறுதுன்னு நீயே போய்ப் பாத்து ஒரு கொடம் மொண்டுகினு வா."

ஊரே பார்க்க நடந்தேன். மணல் சுட்டது, மேட்டில் ஏறுகையில் மூச்சு வாங்கியது. கிணற்றடியில் நின்ற சின்னப்பொண்ணு, "என்னா மாமா, நம்ம ஊருக் கெணறு இங்க நவுந்து வந்துடுச்சா?" என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்புகையில் குடம் தலையிலும் நிற்கவில்லை, தோளிலும் நிற்கவில்லை. கழுத்து விண்விண்ணென்று வலித்தது. இதைத் தினமும் சுமந்துவிட்டு அவள் மீன்கூடையையும் தூக்கிப் போகிறாள் என்பது அந்த மேட்டில்தான் என் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது பாதித் தண்ணீர் என் வேட்டியில் இருந்தது. அஞ்சலாட்சி ஒரு லோட்டா மொண்டு, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள்.

"கட்டிக்கினு வந்த நாளா, இன்னொருத்தர் தூக்கியாந்த தண்ணிய இன்னிக்குத்தான்யா குடிக்கிறேன்" என்றாள்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை. அரைக் குடம் வீட்டுக்குப் போதாது. மிச்சத்தைப் பானையில் ஊற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேற்கே நடந்தேன்.