சல்மா அக்காவின் இரண்டு வாசிப்புகள்

சல்மா அக்கா போய்விட்டார் என்று நம் குழுவை நடத்தும் முரளி சார் போன் செய்தபோது, குரோம்பேட்டையில் குழந்தைகள் டாக்டரின் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் மகளுக்குக் காய்ச்சல். "மாரடைப்பும்மா. பேங்க்குக்குக் கிளம்பிட்டிருக்கும்போதே" என்றார். "சரி சார்" என்றேன். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போய்விட்டேன். நம் குழுவில் எல்லோரும் அன்றே கீழ்க்கட்டளையில் அக்கா வீட்டுக்குப் போனீர்கள். அஞ்சலியும் எழுதிவிட்டீர்கள். நான்தான் பாக்கி.

குழுவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேய வானியலாளரின் கடிதங்களை, இணையத்தில் உள்ள படங்களைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்கிறோம். தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வைத்து அதன்மேல் குறுக்கே எழுதியிருப்பார் மனிதர். கோலத்தின் மேல் இன்னொரு கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஒரு ஜோடிக் கண்ணை நம்ப முடியாது. அதனால் ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்காமல் படிக்க வேண்டும். வேறுபட்டால் பக்கத்தின் ஓரத்தில் வாதாட வேண்டும். முரளி சார் அமைத்த ஜோடிகளில் சல்மா அக்காவுக்கு நான்.

கடிதக்காரருக்குத் 'துரை' என்று பெயர் வைத்தது அக்காதான். "துரைக்கு இன்னிக்கும் மேகமாம். நம்ம முடிச்சூர் பக்கம் ஒரு நவம்பர் மழைக்கு இருந்திருந்தார்னா டெலஸ்கோப்பை வித்துட்டுப் போயிருப்பார்" என்பார். ஒருமுறை படிக்க முடியாத இடத்தில் பொருத்தமான ஒரு சொல்லை நானே போட்டு நிரப்பியிருந்தேன். பக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"ஏய், இந்த வரி ரொம்ப அழகா இருக்கே. துரை எழுதினதா, நீ எழுதினதா?"

"அர்த்தம் வரணுமேன்னு போட்டேன்கா."

"வரலைன்னா வரலை. காலியா விடு. அவர் லெட்டரை அவருக்கு பதிலா நீ எழுதாதே."

இவ்வளவு கறாரான ஒருவரைப் பற்றித்தான் இனி வருவதைச் சொல்கிறேன்.

மூன்று மாதம் ஒரு பக்கமும் படிக்காதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பது நம் விதி. நிறைமாதத்தில் இருந்த என்னைப் பார்க்க அஸ்தினாபுரம் வந்த அக்காவிடம் அழுதேன். "வேலையை விட்டாச்சு. இதுவும் போயிடுச்சுன்னா நான் யாருக்கா?" என்றேன். "போகாதுடி. பாஸ்வேர்டைக் குடு. உன் இடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். கொடுத்தேன். என்ன செய்வார் என்று கேட்கவில்லை.

பிறகு குழந்தை வந்தாள். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. கடிதங்களின் பக்கமே போகவில்லை. "கைக்குழந்தையோட எப்படிம்மா முடியுது, வித்யா!" என்று முரளி சார் குழுவில் பாராட்டினார். பழைய பக்கங்களைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினேன்.

மகளுக்குக் காய்ச்சல் விட்ட பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மகள் அஃப்ரீன் என் பெயரைக் கேட்டதும், அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"நீங்கதானா வித்யாக்கா? அம்மா உங்க பேர்லயும் படிப்பாங்க தெரியுமா? ஒரு பக்கத்தை முடிச்சிட்டு, மறக்கணும்னு ஒரு வாரம் திறக்கவே மாட்டாங்க. அப்புறம் சேரை மாத்திப் போட்டு உட்கார்ந்து, 'இப்ப நான் வித்யா, என்கிட்ட பேசாதே'ன்னுவாங்க. உங்க சேர்ல இருந்தா அம்மாவையே திட்டுவாங்க. 'இந்த சல்மாவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு'ன்னு."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நான் அழுத ஒரே காரணத்துக்காக, தன் வேலையில் அவர் மிகவும் மதித்த விதியை அக்கா எனக்காக உடைத்திருக்கிறார். எத்தனையோ பக்கங்களை ஒரே ஜோடிக் கண்தான் பார்த்திருக்கிறது.

அந்தக் கடிதங்களை இணையத்தில் இறுதியாக ஏற்றப் போகிறோம், அக்கா பெயரும் என் பெயரும் சமமாக வரும் என்று முரளி சார் சொன்னபோது, பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது நிஜம். சொன்னால் அக்காவின் பெயரும் கெடும். அஃப்ரீனுக்கு போன் செய்து கேட்டேன். அவள் சொன்னாள்: "சொல்லிடுங்கக்கா. ஆனா அம்மா ஏமாத்தினாங்கன்னு மட்டும் எழுதாதீங்க."

எழுத மாட்டேன். ஏமாற்றுகிறவர் ஒரு வாரம் காத்திருந்து மறக்கப் பார்க்க மாட்டார். முரளி சார், குழந்தை பிறந்த பிறகு என் பெயரில் வந்த எல்லாப் பக்கங்களிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். அவை எல்லாவற்றுக்கும் இரண்டாம் வாசிப்பு இன்னும் நடக்கவில்லை. அதை நான் செய்கிறேன், தாமதமாகும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தப் பக்கங்களைத்தான். மகள் தூங்கிய மதியத்தில் முதல் பக்கத்தைப் படித்தேன். பிறகுதான் அக்கா படித்ததைத் திறந்தேன். ஓர் இடத்தில் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து அவர் ஒரே தவறைச் செய்திருக்கிறார். ஓரத்தில் எழுதினேன்: "இல்லைக்கா, இது வேற." பதில் வராது என்று தெரிந்தும், குழந்தை எழும்வரை பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.